பட்டி போடாத ஹெரால்ட்

பழைய காரைக் கண்காட்சித் தரத்துக்குப் புதுப்பித்திருக்கிறோம் என்று யார் சொன்னாலும், நான் முதலில் பெயிண்டைப் பார்ப்பதில்லை. துணி சுற்றிய சின்னக் காந்தத்தைக் கதவின் அடிவிளிம்பிலும் சக்கர வளைவிலும் வைத்துப் பார்ப்பேன். ஒட்டாமல் நழுவினால் அங்கே இருப்பது தகடு இல்லை, பட்டி. சென்னையில் எனக்கு ஓட்டிப் பார்க்கக் கிடைத்த 1969 ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் மார்க் 3-இல் காந்தம் எங்குமே நழுவவில்லை. டிங்கரிங் செய்தவர் தகட்டை வெட்டி, புதுத் தகடு வைத்து, தட்டியே வளைவுகளைக் கொண்டுவந்திருக்கிறார். அருமையான கை.

இந்தக் கார் 1959-இல் இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டாக வந்தது. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி. 1960களில் சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் தயாரித்தது. இங்கிலாந்தில் கடைசிவரை வராத நான்கு கதவு மாடல் நம் ஊரில்தான் வந்தது.

ஹெரால்டுக்குத் தனி சேசிஸ். அதன்மேல் பாடி துண்டுதுண்டாக போல்ட்டில் நிற்கிறது. ஒவ்வொரு துண்டையும் கழற்றி வேலை பார்க்கலாம் என்பது பெரிய வசதி. ஆனால் சேசிஸின் பக்கக் கைகள் துருவேறிக் கொஞ்சம் தொய்ந்தாலும் போதும், கதவு இடைவெளி மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு என்று காட்டிக்கொடுத்துவிடும். பாடியை இறக்காமல் மேலோட்டமாகப் பெயிண்ட் அடித்த ஹெரால்டுகள் இங்கேதான் மாட்டிக்கொள்ளும். இந்த வண்டியில் இடது பின்கதவின் அடியில் மட்டும் இடைவெளி ஒரு நூல் கூடுதல். அதை அப்படியே விடலாம். ஆலையிலிருந்து வந்தபோதே இந்தக் கார்களின் இடைவெளிகள் அச்சுப் பிசகாமல் இருந்ததில்லை.

பானெட்டைத் திறந்தால் முன்பக்கம் முழுவதும் முன்னோக்கிச் சாய்ந்து எழும்புகிறது. இன்ஜினும் முன் சஸ்பென்ஷனும் கண்முன்னே. நான் குனிந்து தேடியது சக்கரத்தின் அடிமூட்டில் இருக்கும் பித்தளை ட்ரன்னியனை. இதற்குக் கெட்டியான கியர் ஆயில்தான் விட வேண்டும். பழக்கதோஷத்தில் கிரீஸ் அடித்துவிட்டால் அது மரைக்குள் முழுதாய் இறங்காது. மரை தேய்ந்து, உள்ளே துரு ஏறி, ஒருநாள் ஓடும்போதே மூட்டு முறிந்து சக்கரம் மடங்கும். இங்கே விரலில் ஒட்டியது ஆயில். மனம் நிறைந்தது.

948 சிசி இன்ஜின், சுமார் 35 குதிரைசக்தி. முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் கிடையாது என்பதால் வண்டி நின்ற பிறகே போட வேண்டும். ஸ்டியரிங்தான் இன்றைக்கும் அசத்துகிறது. திரும்பும் வட்டத்தின் விட்டம் வெறும் 25 அடி. குறுகிய தெருவில் ரிவர்ஸ் எடுக்காமலே திரும்பினேன். வளைவில் மட்டும் வேகமாகப் போய் ஆக்ஸிலரேட்டரைத் திடீரென்று விடக் கூடாது. பின் ஆக்ஸில் ஊசலாடும் வகை. சக்கரம் உள்வாங்கி வால்பக்கம் வெட்டும்.

எனக்குப் பிடிக்காதது சீட். விலையுயர்ந்த தோல் தைத்திருக்கிறார்கள். இந்தக் காருக்கு உரியது ரெக்ஸின்தான். அசல்தன்மையைப் பார்க்கும் நடுவர் கதவைத் திறந்ததுமே மதிப்பெண்ணைக் குறைப்பார். பிரேக்கையும் டிஸ்க்காக மாற்றலாமா என்று உரிமையாளர் கேட்டார். வேண்டவே வேண்டாம். டிரம் பிரேக்கைச் சரியாக அட்ஜஸ்ட் செய்தாலே இந்த வேகத்துக்கு நன்றாக நிற்கிறது. தவிர, 2021-இல் வந்த விதிப்படி 50 வயது தாண்டிய காருக்கு ‘விஏ’ வரிசையில் விண்டேஜ் பதிவு வாங்க வேண்டுமானால் சேசிஸ், பாடி, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். விண்ணப்பிக்கும் முன் ரெக்ஸின் தைக்கும் ஆளைப் பிடித்துவிடுங்கள் என்று மட்டும் அவரிடம் சொன்னேன்.