சி.என்.ஜி. மலையேறுமா?

"ஊட்டிக்கு சி.என்.ஜி. பஸ் விட்டா புகைத் தொல்லை போயிடும்" என்கிறார்கள். பாதி சரி. உச்ச நீதிமன்றத்தின் 1998 உத்தரவையொட்டி டெல்லி பஸ்கள் சி.என்.ஜி.க்கு மாறின, கரும்புகை குறைந்தது. ஆனா டெல்லி சமவெளி. மேட்டுப்பாளையம் சுமார் 300 மீட்டர் உயரம், ஊட்டி 2,240. ஏற ஏறக் காற்று மெலியும். டர்போ இல்லாத எஞ்சின் அங்கே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். போதாக்குறைக்கு, வாயு எரிபொருள் சிலிண்டருக்குள் காற்றின் இடத்தையும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். பர்லியாறு தாண்டி வரும் கொண்டை ஊசி வளைவுகளில் இது சின்ன விஷயமில்லை.

டர்போ வைத்துச் சமாளிக்கலாம், சரி. கசியும் மீத்தேனை என்ன செய்வது? 20 ஆண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைவிட சுமார் 80 மடங்கு வெப்பமூட்டும். கொஞ்சம் கசிந்தாலும் லாபத்தில் ஓட்டை விழும்.

இறக்கத்தைப் பாருங்க. சி.என்.ஜி. பஸ்ஸில் அந்த ஆற்றல் எஞ்சினிலும் பிரேக்கிலும் வெப்பமாக வீணாகும். மின்சார பஸ்ஸில் ஒரு பகுதி பேட்டரிக்குத் திரும்பும். மலைக்கு ஏத்தது எதுன்னு இதுவே சொல்லிடும்.

இன்னொன்று: 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவால் இ-பாஸ் வந்தது வண்டிப் பெருக்கத்தால்தான். எரிபொருளை மாத்தினா புகை குறையும். நெரிசல் அப்படியேதான் இருக்கும்.