விருந்தினருக்குரிய இடம்

பாட்டுப் போட்டியின் இறுதி நாளில் புகழ்பெற்றோரை மேடையேற்றுவது தொலைக்காட்சியின் வழக்கமாகிவிட்டது. 2009 மே 20-இல் நடைபெற்ற ‘அமெரிக்கன் ஐடல்’ இறுதி நிகழ்ச்சியின் பதிவை எமரால்டில் நம் பழைய மாணவர் ஒருவரின் இல்லத்தில் கண்டோம். முகச்சாயமும் உயர்ந்த காலணியுமாக வந்த ‘கிஸ்’ குழுவினர், போட்டியாளர் ஆடம் லாம்பர்ட்டுடன் பாடினர். கண்ணுக்கு விருந்துதான், செவிக்கு எஞ்சியது சொற்பமே.

‘குயின்’ குழுவின் பிரையன் மேயும் ரோஜர் டெய்லரும் வந்தபோதோ நிலைமை வேறு. 1991-இல் மறைந்த பிரெடி மெர்க்குரி பாடிய இடத்தில் இரு போட்டியாளரையும் நிறுத்தி, தாம் பக்கவாத்தியமாயினர். (மெர்க்குரி பள்ளியிற் பயின்றது நம்மூர் போன்றதொரு மலையூராகிய பஞ்சகனியில், நம்மவர் பலர் இதனை அறியார்.) பாடியதோ வெற்றிவீரரைப் பற்றிய 1977-ஆம் ஆண்டுப் பாடல், வெல்லப்போகிறவர் ஒருவரே எனினும் இருவரும் சேர்ந்தே பாடினர்! உஸ்தாது ஒருவர் மாணவனை முன்னிறுத்தித் தாம் பின்வரிசையில் அமரும் அதபை அங்கே கண்டோம்.

வாக்குகள் கிரிஸ் ஆலனை வெற்றியாளராக்கின. குயின் குழுவினரோ தோற்ற லாம்பர்ட்டைப் பின்னர்த் தம்முடன் அழைத்துக்கொண்டனர். 2012 முதல் அவர்களுடைய கச்சேரிகளில் மெர்க்குரியின் பாடல்களைப் பாடியவர் அவரே.