சைக்கிளில் வரும் விறலி

எங்கள் கல்லூரிக்கு ஒரு மென்பொருள் நிறுவனம் இருபது மடிக்கணினிகள் கொடுத்தது. விழாவுக்கு வாழ்த்துக் கவிதை எழுதித்தரும்படி முதல்வர் கேட்டார். எழுதினேன், மேடையேறி வாசித்தேன். மாணவிகள் கைதட்டினார்கள். இறங்கும்போதுதான் உறைத்தது: வகுப்பில் ஆண்டுதோறும் நடத்துகிற பாடத்தை அன்று நானே நடித்துக் காட்டியிருக்கிறேன். புரவலர் கொடுத்தார், புலவர் பாடினார்.

திருக்குறளில் ஈகைக்கு அடுத்த அதிகாரம் புகழ். இந்த வரிசையைப் பெருநிறுவனங்கள் நன்றாகவே அறிந்திருக்கின்றன. ஆனால் நான் பாடியது கொடையைத்தானா? 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், 135ஆம் பிரிவில், குறிப்பிட்ட அளவுக்கு மேல் சொத்தோ விற்றுமுதலோ லாபமோ உள்ள நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டு நிகர லாபச் சராசரியில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது. சட்டம் விதித்த கடமைக்கு நான் வள்ளல் பட்டம் கட்டியிருக்கிறேன்.

இந்தச் சமூகப் பொறுப்பின் சுவரொட்டிகளில் சிரிக்கும் முகம் பெரும்பாலும் பெண்ணுடையது. கூகுளும் டாடா அறக்கட்டளைகளும் 2015இல் தொடங்கிய 'இன்டர்நெட் சாத்தி' திட்டத்தை நினைத்துப் பாருங்கள். சாத்தி என்றால் துணை. கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி தந்து, இணையக் கருவிகள் வைத்த சைக்கிளையும் கொடுத்தார்கள். அவர்கள் ஊர் ஊராகப் போய் மற்றப் பெண்களுக்கு இணையத்தைக் கற்றுத்தந்தார்கள். இதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. வாசலைத் தாண்டவே அனுமதி கேட்க வேண்டிய ஒருத்திக்கு அந்தச் சைக்கிளே பெரிய விஷயம்.

ஆனாலும் தமிழ் படித்தவளுக்கு இன்னொன்றும் தெரிகிறது. புறத்துறைகளில் விறலியாற்றுப்படை என்று ஒன்று உண்டு. வறுமையில் வாடும் விறலியை இன்ன வள்ளலிடம் போ என்று வழிகாட்டி அனுப்புவது. சைக்கிளில் வருகிறவள் அந்த வழியைத்தான் காட்டுகிறாள். ஒரு வித்தியாசம் உண்டு. பழைய வள்ளலின் வாசலில் விறலி பரிசு பெற்றுத் திரும்பினாள். இந்த வாசலில் நுழைகிறவள் எதைத் தேடினாள், எதைப் பார்த்தாள் என்பதையெல்லாம் விட்டுச்செல்கிறாள். கூகுளின் வருவாயில் பெரும்பகுதி விளம்பரத்திலிருந்து வருகிறது. புதிதாக வரும் ஒவ்வொருத்தியும் அந்தச் சந்தைக்கு வரவு.

அதே நிறுவனத்துக்குள்ளே இருந்த பெண்கள் என்ன சொன்னார்கள்? 2018 நவம்பர் 1ஆம் தேதி, பாலியல் அத்துமீறல் புகார்களை நிறுவனம் கையாண்ட விதத்தை எதிர்த்து உலகெங்கும் சுமார் 20,000 ஊழியர்கள் வேலையை விட்டு வெளியே வந்து நின்றார்கள். இத்தகைய புகார்களை நீதிமன்றத்துக்குப் போகவிடாமல் தடுத்த கட்டாய நடுவர் விதியை நிறுவனம் ஒரு வாரத்தில் தளர்த்தியது. கலிபோர்னியாவில் 2013 முதல் பணியாற்றிய சுமார் 15,500 பெண்களுக்காக நடந்த ஊதியப் பாகுபாட்டு வழக்கில், 2022இல், தவறை ஒப்புக்கொள்ளாமலே 11.8 கோடி டாலர் தர இசைந்தது. இந்தியக் கிராமங்களில் சைக்கிள் ஓடிக்கொண்டிருந்த ஆண்டுகளும் இவற்றுள் அடங்கும்.

வெளியே பெண்ணுக்குக் கொடுக்கிற கை, உள்ளே பெண்ணுக்குச் சேரவேண்டியதைப் பிடித்துவைத்ததா என்று கேட்க, அந்தப் பெண்கள் வழக்குமன்றம் வரை நடக்க வேண்டியிருந்தது. கொடையைக் கொடுப்பவர் தீர்மானிக்கிறார். எவ்வளவு, யாருக்கு, எதுவரை என்பதெல்லாம் அவர் விருப்பம். கூலி அப்படியல்ல, அது உழைத்தவளின் உரிமை. கொடையைப் பற்றிப் பாட்டு இருக்கிறது, படம் இருக்கிறது, விழா இருக்கிறது. கூலியைப் பற்றிப் பேசினால் நன்றி கெட்டவள் என்ற பெயர் கிடைக்கிறது.

என் மாணவிகளிடம் மடிக்கணினியைத் திருப்பிக் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. வைத்துக்கொள்ளுங்கள், நன்றாகப் படியுங்கள். அந்த நிறுவனத்துக்கே வேலைக்குப் போனாலும் போங்கள். போனதும், பக்கத்து இருக்கையில் இருப்பவனுக்கு என்ன சம்பளம் என்று கேளுங்கள். அடுத்த விழாவுக்குக் கவிதை கேட்டால், நானும் அந்தக் கேள்வியைத்தான் எழுதித்தருவேன்.