படத்துக்குப் பெயர் சொல்பவர்கள்

மோகனூர்க் காவிரிக்கரையின் பழைய படமொன்றைப் பத்துப் பேரிடம் காட்டினால் பத்துத் துப்பு கிடைக்கும். வாங்கலுக்குப் போகும் பாலம் தெரியவில்லையா? அப்படியானால் பரிசல் காலம். துடுப்போடு நிற்பவரைப் பார்த்ததும் ஒரு பாட்டி, "தலைக்கட்டப் பாருங்க, எங்க அப்பாரேதானுங்க!" என்பார். இன்னொருவர் அட்டையைத் திருப்பி, மங்கிய ஸ்டுடியோ முத்திரையை வெயிலில் சாய்த்துப் படிப்பார். முத்திரையிலிருந்து ஊர் தெரியும். ஆள் தெரிய உறவுக்காரர் வர வேண்டும். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களை ஆயிரக்கணக்கில் எண்மமாக்கியிருக்கிறது. அப்படிக் காத்த முகங்களுக்கும் பெயர் சொல்ல ஊரார்தான் வேண்டும். ஏற்காட்டு ஏரிக்கரை பங்களாப் படம் கிடைத்தாலும் இதே வழிதான்: அங்கே தோட்ட வேலை பார்த்த குடும்பங்களைக் கேட்கலாம். சொன்னதையெல்லாம் படத்தின் பின்புறம் பென்சிலில் மெல்ல எழுதுங்கள். அடுத்து வருபவர் திருத்தட்டும்.