வறுமையின் அளவும் விலக்கலின் அளவும்

ஏழை எளியோருக்காக நடைபெறும் எந்தத் தொண்டும் இன்று ஒரு வினாவினின்று தப்ப இயலாது. ‘உங்கள் பணியால் விளைந்த மாற்றம் யாது?’ என்று நன்கொடையாளர் கேட்கின்றனர்; அரசு கேட்கிறது; பணியாளர்களும் தம் மனத்துள் கேட்டுக்கொள்கின்றனர். இவ்வினா நியாயமானதே. எத்தனை சேலைகள் வழங்கப்பட்டன, எத்தனை கிணறுகள் தோண்டப்பட்டன, பயிற்சி முகாமுக்கு எத்தனை பேர் வந்தனர் என்னும் கணக்குகளே நெடுங்காலம் ஆண்டறிக்கைகளை நிரப்பி வந்தன. அவை கொடுத்தவரின் செயலைக் கூறுமேயன்றிப் பெற்றவரின் வாழ்வைக் கூறா. இக்குறையைக் களைய எழுந்த மதிப்பீட்டு முறைகள் எதை அளக்கின்றன, எதை அளக்காமல் விடுகின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செயலிலிருந்து விளைவுக்கு

1969ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் அயல்நாட்டு உதவி நிறுவனத்துக்காக ஒரு திட்ட அட்டவணை உருவாக்கப்பட்டது. ஒரு பணிக்கு இடப்படும் பொருள், அதன் உடனடிப் பலன், அப்பலனால் எய்தவிருக்கும் நோக்கம், இறுதிக் குறிக்கோள் ஆகியவற்றைத் தனித்தனிக் கட்டங்களில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் சான்று காட்டுமாறு அது பணித்தது. பின்னர் உலகெங்கும் நன்கொடை நிறுவனங்கள் அதைக் கைக்கொண்டன. குழாய்க் கிணறு அமைப்பது வேறு, குழந்தைகளின் வயிற்றுப்போக்கு குறைவது வேறு என்னும் தெளிவை அது தந்தது.

ஆயினும் ஓர் ஐயம் எஞ்சி நின்றது. உதவி பெற்ற குடும்பத்தின் வருமானம் மூன்றாண்டுகளில் உயர்ந்ததெனில், அதற்குக் காரணம் உதவியா, நல்ல மழையா, அருகில் புதிதாகப் போடப்பட்ட சாலையா? முன்னும் பின்னும் அளப்பதால் மட்டும் இதற்கு விடை கிட்டாது. எனவே, தகுதியுள்ள குடும்பங்களையோ ஊர்களையோ குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு உதவியளித்து, மற்றதை ஒப்பீட்டுக்கென வைத்து, இரண்டையும் அளக்கும் முறை வந்தது. மழையும் சாலையும் இரு பிரிவுக்கும் பொது. ஆகவே எஞ்சும் வேறுபாடு உதவியின் விளைவு எனக் கொள்ளலாம். இம்முறையை வளர்த்தெடுத்த அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரேமர் ஆகிய மூவருக்கும் 2019இல் பொருளியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

மிக வறியோர் திட்டமும் அதன் அளவீடும்

இம்முறையின் சிறந்த பயனாக ஓர் ஆய்வை எடுத்துக்கொள்வோம். வங்காளதேசத்தில் ஃபசல் ஹசன் ஆபித் 1972இல் தொடங்கிய பிராக் நிறுவனம், சிறுகடனும் சென்று சேராத மிக வறிய பெண்களுக்கென 2002இல் ஒரு திட்டத்தை வகுத்தது. ஊரார் கூடித் தரையில் ஊரின் படத்தை வரைந்து, வீடுகளை வசதிக்கேற்ப வரிசைப்படுத்துவர். கடைநிலையில் நிற்கும் குடும்பத்துக்கு மாடோ ஆடுகளோ கோழிகளோ அளிக்கப்படும். அவற்றிலிருந்து வருவாய் கிடைக்கும்வரை உணவுக்குச் சிறு உதவித்தொகை, வளர்ப்புப் பயிற்சி, சேமிப்புப் பழக்கம், பணியாளரின் இடைவிடாத வீட்டுச் சந்திப்பு ஆகியவை ஏறத்தாழ ஈராண்டுக் காலம் தொடரும்.

இத்திட்டம் எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய ஆறு நாடுகளில் 10,495 பேரைக் கொண்டு ஆராயப்பட்டு, முடிவுகள் 2015இல் வெளியாயின. உதவி நின்று ஓராண்டு கழித்தும் உணவு, நுகர்வு, உடைமை, வருமானம், மனநலம் ஆகியவற்றில் பயனாளிகள் ஒப்பீட்டுப் பிரிவினரைவிட மேம்பட்டிருந்தனர். மேற்கு வங்காளத்தின் முர்ஷிதாபாத் மாவட்டத்தில் பந்தன் நிறுவனம் நடத்திய பணியின் பயன் பத்தாண்டுகளுக்குப் பின்னரும் நீடித்தது என்பதை 2021இல் வெளியான ஆய்வு காட்டிற்று. ஹோண்டுராஸில் வழங்கப்பட்ட கோழிகள் நோயால் பெருமளவில் மடிந்த தோல்வியும் ஆய்வில் மறைக்கப்படவில்லை. இத்தகைய நேர்மை தொண்டு நிறுவனங்களின் அறிக்கைகளில் அரிதாகையால் இதனை நாம் பாராட்டியே ஆகவேண்டும்.

ஆயின், இவ்வாய்வு எதை அளந்தது? பத்துக் குறியீடுகள் அளக்கப்பட்டன. அவற்றுள் உடல் நலம், பெண்களின் அதிகாரம் ஆகிய இரண்டிலும் தொடக்கத்தில் தோன்றிய முன்னேற்றம் ஓராண்டுக்குப்பின் உறுதியாய் நிற்கவில்லை. பொருள் வந்து தங்கியது. வீட்டுக்குள் பெண்ணின் சொல்லுக்கு வந்த மதிப்போ தங்கவில்லை. பொருளாதார ஏற்றமும் சமூக ஏற்றமும் ஒரே வண்டியில் வருபவை அல்ல என்பதற்கு அவ்வாய்வே சான்று பகர்கிறது. மேலும், அரசியல் ஈடுபாடு பற்றிய குறியீடும் ஏழையின் செயலையே கேட்கிறது: ஊர்க்கூட்டத்துக்குச் சென்றாரா, தலைவரிடம் பேசினாரா என்பனவே அதன் வினாக்கள். அவர் எங்கே அமர்த்தப்பட்டார், அவர் பேச்சைப் பிறர் செவிமடுத்தனரா என்பன வினாநிரலுக்கு வெளியே நிற்கின்றன.

ராஜஸ்தானிலிருந்து ஒரு பாடம்

இவ்விடத்தில் பொருளியலறிஞர் என். எஸ். ஜோதா 1988இல் வெளியிட்ட ஓர் ஆய்வை நினைவுகூர்தல் தகும். ராஜஸ்தானின் இரு சிற்றூர்களை அவர் 1960களின் நடுவிலும் 1980களின் தொடக்கத்திலும் ஆராய்ந்தார். இடைப்பட்ட ஏறத்தாழ இருபதாண்டுகளில் 36 குடும்பங்களின் உண்மை வருமானம் ஐந்து விழுக்காட்டுக்கும் மேலாகக் குறைந்திருந்தது. வழக்கமான அளவுகோலின்படி அவை மேலும் வறுமையுற்ற குடும்பங்களே. ஆனால், வாழ்வின் ஏற்றத்தாழ்வை எவற்றால் அறிவீர்கள் என்று அம்மக்களையே ஜோதா கேட்டார். அவர்கள் தந்த 38 அளவைகளுள் 37இல் அக்குடும்பங்கள் முன்னேறியிருந்தன.

அவ்வளவைகள் யாவை? வீட்டில் எவரும் இன்னொருவரின் பண்ணையாளாக இல்லாமை. நிலவுடைமையாளரின் தொழுவத்தில் படுத்துறங்க வேண்டாமை. அவர் வீட்டில் மீந்ததை உண்ண வேண்டாமை. காலில் செருப்பணிந்து நடத்தல். வேலை தேடி வெளியூர் செல்லும் உரிமை. மனிதருக்கும் கால்நடைக்கும் தனித்தனி இருப்பிடம். பின்தங்கிய ஒரே அளவை வீட்டில் பால் இருப்பது. பால் வெளியே விற்கப்பட்டமையால் அது குறைந்தது.

வருமானக் குறைவு பொருட்டன்று என்பது இதன் கருத்தன்று. குழந்தைகளின் பாலைக் குறைத்த ஏற்றத்தை எவரும் முழு ஏற்றம் எனக் கொண்டாட மாட்டார், அம்மக்களும் கொண்டாடவில்லை, அதனால்தான் பாலைத் தம் பட்டியலில் சேர்த்தனர். ‘ஏழைகள் கிடைத்ததைக் கொண்டு மனநிறைவடையப் பழகியவர்கள், அவர்தம் சொல் அளவுகோலாகுமா?’ என்று சிலர் வினவலாம். மனநிறைவைப் பற்றி ஜோதா கேட்டிருந்தால் இத்தடை பொருந்தும். அம்மக்கள் தந்தவையோ எவரும் கண்ணால் கண்டு சரிபார்க்கத்தக்க செய்திகள். காலில் செருப்பு உண்டா இல்லையா என்பதில் மயக்கமில்லை. எனவே, துல்லியம் வேண்டுமெனில் எளியோரின் அனுபவத்தை ஒதுக்க வேண்டும் என்னும் எண்ணம் சரியன்று.

விலக்குபவரையும் அளத்தல்

ஜோதாவின் பட்டியலில் பல வரிகள் இரு மனிதருக்கிடையே உள்ள உறவைப் பற்றியவை. விலக்கல் என்பது விலக்கப்பட்டவரின் குணமோ குறைபாடோ அன்று. ஒருவர் மற்றொருவருக்குச் செய்வது. ஆகவே அதனை ஏழையின் வீட்டுக்குள் மட்டும் நின்று அளத்தல் இயலாது. வீட்டுக் கணக்கில் ஆடும் சேமிப்பும் தெரியும். தேநீர்க்கடையில் எந்தக் குவளை கொடுக்கப்படுகிறது என்பது தெரியாது.

இதை உணர்ந்து அளந்த தொண்டு நிறுவனமும் உண்டு. குஜராத்தில் மார்ட்டின் மக்வான் தொடங்கிய நவசர்ஜன் அமைப்பு, 1,589 ஊர்களில் நடத்திய தீண்டாமை பற்றிய ஆய்வை 2010இல் வெளியிட்டது. பிற சாதியினர் தலித் மக்கள்மீது கடைப்பிடிக்கும் 98 வகை வழக்கங்கள் அதில் வரிசைப்படுத்தப்பட்டன. தலித் சாதிகள் தமக்குள் கடைப்பிடிக்கும் பாகுபாடும் தப்பவில்லை. நம் நாட்டுப்புறங்களின் இரட்டைக் குவளை முறையை ஒத்த, தலித் மக்களுக்கெனத் தனியே வைக்கப்படும் ‘ராம் பாத்திரம்’ அங்கே உண்டு. ஆய்வு செய்த ஏறத்தாழ எல்லா ஊர்களிலும் தலித் ஒருவர் பிற சாதியினர் குடியிருப்பில் வாடகைக்கு வீடு பெற இயலாது என்பது அதன் முடிவுகளுள் ஒன்று. கையில் வாடகைப்பணம் இருந்தும் கதவு திறக்கவில்லையெனில், வருமானக் குறியீடு எவ்வளவு உயர்ந்தாலும் அக்கதவைப் பற்றி அது நமக்கு எதையும் சொல்லாது.

இத்தகைய அளவீடு ஏன் அரிதாக உள்ளது? மூன்றாண்டுத் திட்டம் வருமானத்தை உயர்த்தலாம். தலைமுறைகளின் வழக்கத்தை அதற்குள் மாற்றுதல் கடினம். மாற்றம் சிறிதெனில் அடுத்த தவணை நன்கொடை ஐயத்துக்குரியதாகும். மேலும், ஏழையை அளக்கும் கணக்கு எவரையும் புண்படுத்தாது. விலக்குபவரை அளக்கும் கணக்கோ ஊரின் செல்வாக்குள்ளோரைக் கூண்டில் நிறுத்தும். நிறுவனங்கள் எளிதாய் அளக்கக்கூடியதை அளந்து, அதற்குச் ‘சமூக இணைப்பு’ என்று பெயரிடும் வழக்கம் இவ்வாறே பிறக்கிறது. பெயர் பொருத்தமின்றி இடப்படும்போது ஏழைகளுக்கு ஒரு கேடு விளைகிறது: தாழிட்ட கதவு திறந்துவிட்டதாகப் பதிவேடு கூறும்; அதன்பின் அதைத் தட்ட எவரும் வாரார்.

நாம் செய்யத்தக்கவை

ஒப்பீட்டு ஆய்வைக் கைவிடுமாறு நாம் கோரவில்லை. மழையின் பயனைத் தன் பயனாக எழுதிக்கொள்வதினின்று அது நிறுவனங்களைக் காக்கிறது. ஆனால் அதன் வினாநிரல் முழுமை பெறவேண்டும். பணி தொடங்குமுன் அளவைகளை மக்களிடமே கேட்டுத் தொகுக்கலாம். வீடுகளை வரிசைப்படுத்தத் தரையில் படம் வரையும் அதே கூட்டம் இதற்கும் போதும். கிணறு, கடை, பள்ளியின் மதிய உணவு வரிசை, கோயில், சுடுகாடு ஆகிய பொது இடங்களில் நிலவும் வழக்கங்களைத் தொடக்கத்திலும் முடிவிலும் பதிவு செய்யலாம். முடிவுகளை நன்கொடையாளருக்கு அனுப்புமுன் அம்மக்கள் முன்னிலையில் படித்துக்காட்டி, அவர்தம் மறுப்பையும் அறிக்கையில் சேர்க்கலாம்.

திருச்சபைகளின் சமூகப்பணித் துறைகளுக்கு இது கூடுதலாய்ப் பொருந்தும். சாதிக்கொரு பகுதியாய்ப் பிரிந்து கிடக்கும் கல்லறைத் தோட்டங்கள் நம்மிடையே இன்றும் உள்ளன. கிராமத்தின் தேநீர்க்கடையை அளக்கப் புறப்படுவோர் தம் கல்லறைத் தோட்டத்தையும் அப்பட்டியலில் சேர்க்கக் கடமைப்பட்டவர்கள். அவ்வரியில் எழுதப்படும் விடை நமக்கு உவப்பாய் இராது. எனினும் ஆண்டுதோறும் அதை எழுதி வெளியிட்டால்தான், மற்ற வரிகளில் நாம் எழுதுவதை மக்கள் நம்புவர்.