வேலைக்காரர்களின் சாகசம்

அலெக்சாந்தர் தூமா 1844இல் எழுதிய ‘மூன்று மஸ்கெட்டியர்கள்’ நாவலில் வாள்வீச்சு ஆத்தோஸ், போர்த்தோஸ், அராமிஸ் முதலான எஜமானர்களுடையது. ஆனால் கதைக்கு ருசி கூட்டுபவர்கள் அவர்களுடைய வேலைக்காரர்கள்தான். ஆத்தோஸின் கிரிமோ வாய் திறவாமல் சைகையிலேயே பேசுகிறான். போர்த்தோஸின் முஸ்கெத்தோன் சுருக்குக் கயிறு வீசிச் சத்திரத்து நிலவறையிலிருந்து மதுப்புட்டிகளைக் களவாடுகிறான். அராமிஸின் பாசேனுக்கோ எஜமானர் எப்போது பாதிரியாவார் என்பதே கவலை. எஜமானர்களின் மிடுக்கு, டாம்பீகம், பக்தி எல்லாவற்றையும் அடுக்களைப் பக்கமிருந்து காட்டுவதால் அவர்களும் மனிதர்களாகிவிடுகிறார்கள்.

ஆளுக்கொரு குணத்தை ஒட்டிவைத்த பொம்மைகள்தானே இந்த வேலைக்காரர்கள் என்று கேட்கலாம். ஒற்றைக் குணம் என்பது உண்மை. ஆனால் தூமா அதைச் சிரிப்புக்கு மட்டும் செலவழிக்கவில்லை. அடுத்த ஆண்டே வெளிவந்த ‘இருபது ஆண்டுகளுக்குப் பின்’ நாவலில், கிரிமோவின் மௌனத்தை மெச்சித்தான் வேன்சென் கோட்டையில் அவனைக் காவல் வேலைக்குச் சேர்த்துக்கொள்கிறார்கள். அங்கே சிறையிருந்த பொஃபோர் கோமகன் தப்பிக்க உதவுபவனும் அவனே. வேடிக்கையாக அறிமுகமான பழக்கம் பூட்டைத் திறக்கும் சாவியாகிறது. விறுவிறுப்பான கதையில் மனசை அலசி ஆராய இடமில்லை. ஒரு குணத்தை நினைவில் நிறுத்தி, உரிய தருணத்தில் அதற்கு வேலை கொடுப்பதே அங்கே பாத்திரப் படைப்பு.