மாட்டுங்காவில் நிலையில், யாழ்ப்பாணத்தில் கேற்றில்

மும்பை மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றியுள்ள பழைய கட்டடங்களில் படியேறிப் போனால், கதவு நிலையில் கறுப்பு பேக்லைட் பெல் சுவிட்ச் இன்னும் சில வீடுகளில் கண்ணில் படும். வெள்ளையடிக்கும்போதெல்லாம் அதன்மேலும் பெயின்ட் ஏறியிருக்கும். அமுக்கினால் உள்ளே போகிற பொத்தான் வெளியே வர யோசிக்கும். “காலிங் பெல் போயிடுச்சு” என்று வயர்மேனைக் கூப்பிட்டால், பல வீடுகளில் கோளாறு பெல்லில் இருக்காது. இந்தப் பொத்தானில்தான் இருக்கும்.

‘டிங்-டாங்’ பெல்லைத் திறந்து பார்த்தால் விஷயம் புரியும். நடுவே ஒரு செப்புக் கம்பிச் சுருள், அதற்குள் ஓர் இரும்புத் தண்டு, இருபுறமும் இரண்டு உலோகத் தகடுகள். பொத்தானை அமுக்கியதும் தண்டு இழுபட்டு ஒரு தகட்டில் மோதும்: டிங். விரலை எடுத்ததும் ஸ்பிரிங் அதைத் திருப்பித் தள்ளும்: டாங். பொத்தான் உள்ளேயே சிக்கிக்கொண்டால் டாங் வராது. சுருளில் மின்சாரம் நிற்காமல் ஓடி, சூடேறி, கருகல் வாடை வரும். பெல்லை மட்டும் புதிதாக மாட்டிவிட்டுச் சுவிட்சை விட்டுவைத்தால், புதிய பெல்லுக்கும் அதே கதிதான்.

இந்தியா, இலங்கை இரண்டிலும் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பெல்லுக்கென்று சிறு டிரான்ஸ்ஃபார்மர் வைத்து மின்னழுத்தத்தைக் குறைத்துவிடுவார்கள். நம் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் அப்படிக் கிடையாது. வருகிறவர் விரலுக்குச் சற்றுப் பின்னாலேயே முழு 230 வோல்ட்டும் நிற்கிறது. ஆகவே அந்தச் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பதில்தான் மும்பை, யாழ்ப்பாணம் என்ற இரு ஊர்களின் வேலையும் பிரிகிறது.

மும்பையில் அது வீட்டு வாசலில், மாடிப்படிக்கூரைக்கு அடியில் இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை வெளியே கொட்டுகிற மழை அதைத் தொடாது. 1896இல் வந்த பிளேக்குக்குப் பிறகு 1898இல் அமைந்த பம்பாய் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் திட்டமிட்ட பேட்டை மாட்டுங்கா. இங்குள்ள பழைய வீடுகளில் தொல்லை தருவது சுவரிலுள்ள வயர். மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்து, மரப்பட்டியைப் பிரித்தால் உள்ளே இரண்டு வயரும் ஒரே நிறத்தில் மங்கிப்போயிருக்கும். எது ஃபேஸ், எது நியூட்ரல் என்று பிரித்தறிந்து, ஃபேஸைத்தான் சுவிட்ச் வழியே கொண்டுபோக வேண்டும். மாற்றிக் கொடுத்தாலும் பெல் அடிக்கும்; ஆனால் அடிக்காத நேரத்திலும் பெல்லுக்குள் ஷாக் காத்திருக்கும்.

செம்பூரில் பழைய காலனிகளை இடித்துவிட்டு எழும்புகிற கோபுரங்களில் இந்த வேலையே இல்லை. கீழே வாட்ச்மேன் இன்டர்காமில் கேட்டுவிடுவார், மேலே வீடியோ பெல் முகத்தைக் காட்டிவிடும். தாராவிச் சந்துகளில் வேறு மாதிரி. பகலில் கதவு திறந்தே கிடக்கும், திரைச்சீலைதான் தொங்கும். திருநெல்வேலிக்காரர் வீடாயிருந்தால் “எக்கா, இருக்கியளா?” என்ற குரலே பெல்.

கொழும்பு வெள்ளவத்தை அடுக்குமாடி வீடுகளின் கதை மாட்டுங்காவுக்கு நெருக்கமானது. யாழ்ப்பாணம் அப்படியல்ல. அங்கே வளவு, மதில், அதில் ஒரு கேற். சுவிட்ச் கேற்றுத் தூணில். பெல் முற்றத்தைத் தாண்டி வீட்டுக்குள். நடுவே போகிற வயரை மண்ணுக்கடியில் குழாயில் இறக்க வேண்டும். அக்டோபரில் தொடங்கும் வாடைமழையில் சுவிட்சுக்குள் தண்ணீர் இறங்கினால், மின்கசிவை உணர்ந்து ட்ரிப் சுவிட்ச் விழும். பெல் பொத்தான் நனைந்ததற்கு முழு வீடும் இருளும். எனவே அங்கே பெல் மாற்றப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது மழை புகாத சுவிட்சை.

மின்வெட்டும் கணக்கில் வருகிறது. மும்பையில் அது அரிது; 2020 அக்டோபர் 12 அன்று மின்சாரம் நின்றது நாடெங்கும் செய்தி. இலங்கையில் 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. 1990களில் யாழ்ப்பாணம் ஆண்டுக்கணக்கில் மின்சாரமே இல்லாமல் இருந்தது, படலையில் நின்று “வீட்டில ஆரும் நிக்கினமோ?” என்று கூப்பிடுவதுதான் வழி.

மழை, மின்வெட்டு என்ற இந்த இரண்டு தொல்லைகளுக்கும் ஏற்றது வயர்லெஸ் பெல். கேற்றில் ஒரு சின்ன பற்றரிப் பொத்தான். மண் தோண்ட வேண்டாம், 230 வோல்ட்டும் மழையில் நிற்காது. ஒலிக்கிற பகுதியும் பற்றரியில் ஓடுவதாக வாங்கினால் மின்வெட்டிலும் அடிக்கும். பிளக்கில் சொருகும் வகையென்றால், லண்டனிலிருந்து உறவினர் கொண்டுவருவது நேராகப் பொருந்திவிடும். இலங்கை தரமாக ஏற்றிருப்பதும் பிரிட்டனின் 13 ஆம்பியர் சதுரப் பின்தானே. மும்பை லோஹார் சாலில் வாங்கிய உருண்டைப் பின் பெல்லை எடுத்துக்கொண்டு கொழும்பு போனால், கூடவே ஓர் அடாப்டரும் போக வேண்டும்.

பற்றரி தீர்ந்த நாளில் வருகிறவர் பொத்தானை நாலு தரம் அமுக்கிப் பார்த்துவிட்டு, கேற்றின் கொளுக்கியைத் தட்டுவார். அதற்குள் நாய் குரைத்து, உள்ளேயிருந்து யாரோ எட்டிப் பார்த்திருப்பார்கள்.